சுவரோரம் இரண்டு குழிகள்

மதியம் இரண்டு மணிக்கு அவன் பாட்டியின் அறைக்குள் போனபோது அங்கே தைல வாசனைகூட மிச்சமில்லை. கட்டிலைக் கழற்றி வெளியே சாத்தியிருந்தார்கள். பீரோ மட்டும் சுவரோரம் நின்றது. ஜன்னல் வெயில் தரையில் இருந்த இரண்டு குழிகளில் தேங்கிக் கிடந்தது.

பாட்டியின் முழங்கால்கள் போட்ட குழிகள். நாற்பது வருடமாகத் தினமும் மாலை நான்கு மணிக்கு அந்த இடத்தில், பீரோவைப் பார்த்தபடி மண்டியிட்டு வேண்டிக்கொள்வாள். சிவப்புச் சிமெண்ட் தரை கிண்ணம்போலத் தேய்ந்துவிட்டது.

அவள் செத்துப் பதினோரு நாளாகிறது. அவனுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் துழாவுவதுபோல உள்ளே துழாவிப் பார்த்தான். மரத்துப்போயிருந்தது.

"டேய் ஆந்தை."

அக்கா வாசலில் நின்றாள். அவளுடைய நான்கு வயது மகள் தோளில் துவண்டு கிடந்தாள். ஆந்தை, பாட்டில் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில் அவனுக்கு விழுந்த பேர். வேலையை விட்டு மூன்று மாதமாகியும் பேர் விடவில்லை.

"நாளைக்கு எல்லாரும் பாட்டியைப் பத்திப் பேசக் கூடுறோம்ல, நீயும் நாலு வரி எழுது. பகலெல்லாம் அவகூட இந்த வீட்ல கிடந்தவன் நீதான்."

"தூங்கிட்டுக் கிடந்தேன்."

"அதையே எழுது. குட்டிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, நான் போய் ஈரத்துணி போடுறேன்."

உண்மையில் அவன் தூங்கியதில்லை. நைட் ஷிப்ட் முடித்து வருபவனுக்குப் பகல் தூக்கம் பேருக்குத்தான். பக்கத்து அறையில் படுத்து, பாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பான். முதலில் அண்ணாந்த குரலில் ஆண்டவனிடம் பேசுவாள், உருகி, தழுதழுத்து. ஒவ்வொருவர் பேராகச் சொல்லி எல்லோரையும் நல்லபடியாக வைக்கச் சொல்வாள்.

பிறகு குரல் நேராகும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேசுவதுபோல.

"இன்னைக்கு வேண்டாம்."

ஒரு மூச்சு நேரம் மௌனம்.

என்றைக்காவது ஒருநாள் அதற்குப் பிறகு இன்னொன்றும் சொல்வாள். "சரி. அதை எடுத்துக்கோ."

அந்த மௌனம் யாருடைய பதிலுக்கு என்று அவன் கேட்டதே இல்லை. எழுந்து போய்ப் பார்த்ததும் இல்லை.

தரையில் உட்கார்ந்து எழுதினான். பாட்டியின் இடது கண் அவிந்தது, எனக்கு ஏழு வயதில் நிமோனியா வந்து பிழைத்த அன்று. காது போனது, அப்பா லாரிக்கு அடியிலிருந்து உயிரோடு வந்த அன்று. வலது கை விழுந்தது, அக்காவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நின்ற அன்று. பதினோரு நாள் முன்னால் அம்மாவுக்கு நெஞ்சுவலி. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பாட்டி மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை.

துணி நனைக்கப் போன அக்கா எட்டிப் படித்தாள். "என்னடா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கு! வயசானா கண்ணு காது போகத்தான் செய்யும்."

"அதே நாள்லயா?"

"கண்டதை உளறாத." ஆனால் அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தரையைப் பூச வரச்சொல்லியிருந்த கொத்தனார் வந்தார். "தம்பி, பீரோவுக்கு ஒரு கை குடுங்க."

நாற்பது வருடமாக நகராத பீரோ. முனகிக்கொண்டு நகர்ந்து வெளியே போனது. அது நின்ற இடத்தில், சுவரோரம், இன்னும் இரண்டு குழிகள். பாட்டியுடையதைவிட ஆழமானவை. அவள் குழிகளுக்கு நேர் எதிராக.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "பாட்டிம்மா ரெண்டு பக்கமும் உக்காந்து கும்பிட்டாங்களோ? பீரோ கால் உயரமே நாலு விரல்தான். எலிதான் மண்டி போடணும்."

அவர் மட்டும் சிரித்தார்.

நான்கு குழிகளையும் நிரப்பி, தரை முழுக்கப் பூசி மட்டம் தட்டினார். "காலையில வந்து பாக்குறேன். அதுவரைக்கும் யாரும் மிதிச்சிடாதீங்க. பூனை மிதிச்சாலும் நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா அலறினாள்.

குழந்தைக்கு வலிப்பு. கண் செருகி, பல் கிட்டிக் கிடந்தது. அக்கா வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வர இன்னும் இருபது நிமிடமாம். குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எடுக்க ஓடியவன் பாட்டியின் அறை வாசலில் நின்றான்.

அறையில் யாரும் இல்லை.

மட்டம் தட்டிய ஈரச் சிமெண்டில், சுவரோரம், இரண்டு குழிகள் மெதுவாக அமுங்கிக்கொண்டிருந்தன.

அவனுக்குப் பயம்கூடச் சரியாக வரவில்லை. உள்ளே நடந்தான். பாட்டி இருந்த இடத்தில் மண்டியிட்டான். சில்லென்ற ஈரம் பேண்டில் ஏறியது. ஆண்டவனிடம் பேச அவனுக்குத் தெரியாது. நேராகப் பார்த்தான்.

"இன்னைக்கு வேண்டாம்."

ஒரு மூச்சு நேரம்.

எதிரே சிமெண்ட் லேசாகப் பிதுங்கியது. யாரோ எடையை மாற்றி உட்கார்ந்ததுபோல.

"எதை வேணா எடுத்துக்கோ. என்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல."

பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டு அழுதது.

ஆம்புலன்ஸ் வந்தபோது காய்ச்சலே இல்லை. வந்தவர் தெர்மாமீட்டரை இரண்டு முறை உதறிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா அழுது ஓய்ந்து, எல்லோருக்கும் டீ போட்டாள்.

"அக்கா, சக்கரை போடலையா?"

"மூணு கரண்டி போட்டிருக்கேன். நாக்கு செத்துப் போச்சா உனக்கு?"

அவன் சர்க்கரை டப்பாவை எடுத்து ஒரு வாய் அள்ளிப் போட்டான். மணலை மென்றதுபோல இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, தாளில் பாட்டியின் கைக்கும் உயிருக்கும் கீழே இன்னொரு வரி எழுதினான்.

மறுநாள் காலை கொத்தனார் அறையில் நின்று கத்தினார். "அவ்வளவு சொல்லிட்டுப் போனேனே! யார் தம்பி நடந்து போய் மண்டி போட்டது?"

"நான்தான்."

"சரி, இது உங்களுது. அந்தப் பக்கம் யாரு?"

அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். தரை முழுக்க இறுகிக் கல்லாகியிருந்தது. பாட்டியின் இடத்தில் அவன் பதித்த குழிகளும்கூட.

சுவரோரக் குழிகள் இரண்டும் மட்டும் ஈரமாகவே இருந்தன. விரலை வைத்தபோது, அவை இன்னும் கொஞ்சம் அமுங்கின.