ஒருபோதும் இயங்காத வரி

சலவை அறையைத் தாண்டி, மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது கணினி அறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அங்கே இறங்கினாள். அறைக்கு ஜன்னல் கிடையாது. குழல்விளக்கு முரண்டு பிடித்துவிட்டுத்தான் எரிந்தது. ஈரத்துணியும் சூடான தூசியும் கலந்த வாடை.

மூலையில் பழைய கணினி, செத்துப்போய்க் கிடந்தது. அதன் மின்கம்பியைப் பிடுங்கி, சுருட்டி, அதன் தலைமேலேயே வைத்திருந்தார்கள். நோயாளிகளின் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து நாடித்துடிப்பை வாங்கி, அது தாழ்ந்தால் அலறும் நிரலை அந்தக் கணினிக்காகச் சி மொழியில் எழுதியவன் அவள் கணவன். போன மழைக்காலத்தில், மேலே வார்டில், ஜன்னலோரப் படுக்கையில், அது அவனுக்காகவே அலறியது. எல்லோரும் ஓடினார்கள். பயனில்லை.

அந்த நிரலைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலைதான் அவளுக்கு. உள்தொலைபேசி மணியடித்தது. நாத்தனார், அந்த வார்டின் தலைமை நர்ஸ்.

"அண்ணி, எப்ப முடியும்? பழசு காலையில மண்டையைப் போட்டதுல இருந்து கட்டில் கட்டிலா ஓடி நாடி பிடிக்கிறோம். கால் வீங்கிடுச்சு."

"அத்தைக்கு மயக்கம் தெளிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. ஆனா அந்த மயக்கத்துலயும் அம்மா, புதுசுக்காக மாட்டின கிளிப்பைப் பிடுங்கி எறியுறாங்க. அண்ணன் பிடிவாதம் பின்ன எங்கிருந்து வந்துச்சு?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு பட்டாளம் எச்சரிக்கைகளைக் கொட்டியது. ஒன்றுகூட மிஞ்சாமல் இருந்தால்தான் வார்டில் ஏற்ற விடுவார்கள். ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று நின்றது.

'இந்த நிபந்தனை எப்போதும் பொய். இதன் கீழுள்ள வரி ஒருபோதும் இயங்காது.'

துடிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் அலறு என்று அவன் எழுதியிருந்தான். துடிப்பு எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும்? ஒருபோதும் இயங்காத வரியை வைத்து என்ன செய்வது? அவசரத்தில் யாரும் செய்வதை அவளும் செய்தாள். நிபந்தனையையும் வரியையும் அழித்தாள்.

எச்சரிக்கை இல்லை.

டொக், டொக்.

நாற்காலிக்குப் பின்னால், மேசை விளிம்பில் விரல்முட்டியால் தட்டும் சத்தம். அவள் தப்பு செய்யும்போதெல்லாம் அவன் அப்படித்தான் தட்டுவான்.

திரும்பினாள். யாருமில்லை.

மறுபடி கம்பைல் செய்தாள். அதே எச்சரிக்கை. கோப்பைத் திறந்தால், அழித்த வரிகள் அழித்த இடத்திலேயே இருந்தன.

சேமிக்க மறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழித்தாள். சேமித்தாள்.

கிராம்பு வாசனை வந்தது.

சிகரெட்டை விட்டதிலிருந்து அவன் வாயில் எப்போதும் கிராம்பு இருக்கும்.

மூலையில் ஒரு முனகல். பழைய கணினியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மின்கம்பி அதன் தலைமேல் சுருண்டபடியே இருந்தது.

அவள் புதிய கணினிக்குத் திரும்பினாள். திரையில் வரிகள் திரும்பியிருந்தன.

"என்னங்க…" என்றாள், மூச்சுக்காற்றளவு குரலில்.

மேசை விளிம்பையே பார்த்தாள். அவன் பேச்சு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. 'கம்பைலர் திட்டினா அது வாயைப் பொத்தாதடி. ஏன் திட்டுதுன்னு கேளு.'

கேட்டாள். வரிகளை மேலிருந்து படித்தாள். விரலிலிருந்து கிளிப் கழன்றால், துடிப்புக்குப் பதில் கழித்தல் ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தான். அந்த எண்ணை வைக்க அவன் எடுத்த இடம், ஒற்றை எழுத்துக்கான சின்ன இடம். பழைய கணினியில் அதற்குள் கழித்தல் எண்ணும் அடங்கும். புதியதில் அடங்காது, கழித்தல் ஒன்று இருநூற்று ஐம்பத்தைந்தாகிவிடும். கிளிப் கழன்றது கணினிக்குத் தெரியவே தெரியாது. அத்தை எத்தனை தடவை பிடுங்கி எறிந்தாலும் வார்டு அமைதியாகவே இருந்திருக்கும்.

கழித்தல் எண்ணையும் ஏற்கும்படி ஒரே ஒரு சொல்லை முன்னால் சேர்த்தாள்.

எச்சரிக்கை நின்றது. விசிறியும் நின்றது.

புதிய நிரலை ஏற்றிவிட்டு, படிகளில் மேலே ஓடினாள். வார்டுக் கதவைத் தள்ளும்போதே அலறல் கேட்டது.

நாத்தனார் அத்தையின் விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "இப்பதான் பிடுங்குனாங்க அண்ணி. உடனே கத்துச்சு பாருங்க!"

அலறல் அடங்கியது. அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"ஒரு சந்தேகம், அண்ணி." நாத்தனாரின் குரல் தாழ்ந்தது. "எல்லாக் கட்டிலுக்கும் கனெக்‌ஷன் குடுத்தாச்சு. ஆளில்லாத கட்டில் கத்தணும்தானே?"

"கத்தணும்."

"அது கத்தல."

ஜன்னலோரப் படுக்கை. விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. மேலே இருந்த திரையில் எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று துடிப்பு நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

விரிப்பின்மேல் கிளிப் கிடந்தது. அதன் வாய் மூடவில்லை. ஒரு விரல் பருமனுக்குத் திறந்தே இருந்தது.