காற்று இறங்காத ஒற்றைச் சக்கரம்

தம்பிதுரைக்குக் கோபம் வந்தால் முதலில் காபியைத்தான் நிறுத்துவார். அன்று தண்ணீரையும் நிறுத்திவிட்டார்.

காலை ஏழரை மணிக்குச் சூலூரிலிருந்து மனைவியோடு காரில் வந்து இறங்கியவர், கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் தங்கை வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தங்கை சண்முகப்ரியா நீட்டிய சொம்பைப் புறங்கையால் விலக்கினார். தங்கை வீட்டில் அண்ணன் தண்ணீர் குடிக்க மறுத்தால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் காலடியில் ஒரு பெரிய சூட்கேஸ் இருந்தது. காலி சூட்கேஸ். தூக்கி வந்த விதத்திலேயே தெரிந்தது.

"என்னங்ணா இது... எங்கயாச்சும் ஊருக்குப் போறீங்ளா?"

"நான் போகல கண்ணு. நீ வார. துணிமணிய எடுத்து வெய்யி."

சமையலறையிலிருந்து தோசை கருகும் வாசனை வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அவள் கணவர் திருமலைசாமி, இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருப்பவர், புறப்படும் சட்டையோடு உள்ளேயிருந்து வந்தார். "வாங்க மச்சான்" என்றார். பதிலை நங்கையாள்தான் சொன்னாள். நங்கையாள் என்றால் அண்ணன் மனைவி. மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்.

"போன வாரம் காதுகுத்துல, பைப்படியில இவ கால் கழுவறப்பப் பாத்தனுங்க. முழங்காலுக்குக் கீழ அத்தனையும் கன்னிப்போய்க் கெடக்குது. கேட்டா, கட்டல்கால் இடிச்சுப்போட்டுதுங்கறா. பொங்கலுக்குக் கேட்டப்ப, படியில உழுந்துட்டேன்னா. எந்தக் கட்டல் அம்மணி நாலு மாசமா உன்னைய இடிக்குது?"

"நங்கையா... அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க..."

"நீ பேசாத கண்ணு" என்றார் தம்பிதுரை. "இருபத்தினாலு வருசமா எங்கூட்டுப் பொண்ணு ஒரு சொல் கொற சொன்னதில்ல. அதையே எளக்காரமா எடுத்துட்டீங்ளா மாப்ள? ஒரே வார்த்த கேக்கறேன். கை வெச்சீங்ளா, இல்லீங்ளா?"

திருமலைசாமி மனைவியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாளா என்று காத்திருக்கிற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு உண்மை தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

உண்மை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய போர்வைக்குள் இருந்தது. ஒற்றைச் சக்கர சைக்கிள். மகள் ஹர்ஷிணி கல்லூரியில் படிக்கும்போது ஆன்லைனில் வாங்கி, இரண்டே நாள் விழுந்து எழுந்து, பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் பெங்களூர் போய்விட்டாள். மார்கழியில் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இவள் அதை இறக்கினாள். சீட்டில் கை வைத்துப் பார்த்திருக்கக் கூடாது. வைத்துவிட்டாள்.

பதின்மூன்று வயதில் அவளிடம் அப்படி ஒன்று இருந்தது. கோயமுத்தூருக்கு வந்த சர்க்கஸில் ஒரு பெண் ஒற்றைச் சக்கரத்தில் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளே அண்ணன் ஒரு பழைய சைக்கிளின் முன்பாதியை அறுத்து, பின்சக்கரத்துக்கு வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். அவரால் அதில் உட்காரவே முடியவில்லை. தங்கை ஏறினாள். தறிக் கொட்டகை வாசலில், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஓடும் தறிச் சத்தத்துக்கு ஏற்றபடி மிதித்தாள். எங்கே பார்க்க வேண்டும், எப்படி மிதிக்க வேண்டும் என்று அண்ணன் கூடவே ஓடிவந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கொட்டகையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை யார் துணையும் இல்லாமல் போய்விட்ட அன்று, தறிக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து கை தட்டினார்கள். அடுத்த மாதம் அவள் பெரிய மனுஷி ஆனாள். சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது. மூன்று நாள் சாப்பிடாமல் அழுதவளை அண்ணன்தான் சமாதானப்படுத்திச் சோறு ஊட்டினார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் இதைக் கணவரிடம் ஆசையாகச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "இதயெல்லாம் வெளிய சொல்லிப்போடாத பிரியா, சர்க்கஸ்காரின்னு சிரிப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சமைத்தாள், மாமியாருக்குக் கடைசிவரை பணிவிடை செய்தாள், மகளைப் படிக்கவைத்தாள்.

இந்த நாலு மாதமாக, அவர் பட்டறைக்குப் போனபின், மகளின் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போகிறாள். முதல் மாதம் முழுக்கச் சுவரைப் பிடித்து உட்காரத்தான் பழகினாள். கனத்தைப் பெடலில் போடக் கூடாது, சீட்டில் போட வேண்டும். இது உடம்புக்குப் புரியவே அத்தனை நாள் ஆனது. அப்புறம் அரைச் சுற்று. துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து ஒரு சுற்று. நழுவும்போதெல்லாம் பெடல் சுழன்று முன்னங்காலில் அடிக்கும். வலிக்கும்போதும் சிரிப்புத்தான் வந்தது. கம்பியை விட்டுப் பதினாலு சுற்று போன அன்று, தனியாக உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

இப்போது இதை இந்தக் கூடத்தில் எப்படிச் சொல்வது? நாற்பத்தாறு வயது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். நங்கையாள் வாய்க்குப் போனால் சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கப் போய்விடும். அப்புறம் அந்தச் சைக்கிளைத் தொட முடியாது. இன்னொரு முறை பழைய இரும்புக்குப் போகும்.

அவள் இப்படி மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோது திருமலைசாமி பேசினார்.

"தப்பு எம்பேர்லதானுங்க மச்சான்."

"பாத்தீங்ளா... பாத்தீங்ளா..." என்று நங்கையாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பிதுரை எழுந்துவிட்டார்.

சண்முகப்ரியா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் ஒரு நாள்கூட அவள்மேல் கை ஓங்கியதில்லை. எதற்காக இந்தப் பழியை வாங்கிக்கொள்கிறார்? இவள் வெட்கத்தைக் காப்பாற்ற ஒரு நல்ல மனுஷன் தலை குனிந்து நிற்பதா?

"அண்ணா, சித்த இருங்க" என்று உள்ளே போனவள், மகளின் பச்சைச் சுடிதாரில் வெளியே வந்தாள். நங்கையாள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள்.

"எல்லாரும் ஒட்டுக்கா மாடிக்கு வாங்க. என்னைய இடிச்ச கட்டலக் காட்டறேன்."

மாடியில் போர்வையை உருவினாள். தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்து, சீட்டைக் கால்களுக்கு நடுவே வைத்து, பெடலைப் பின்னுக்கு மிதித்து ஏறினாள். இந்த நாலு மாதத்தில் யாரும் பார்க்க அவள் ஓட்டியதே இல்லை. முதல் தரம் ஒன்றரைச் சுற்றில் சாய்ந்தாள், பெடல் வழக்கம்போல முன்னங்காலில் அடித்தது. நங்கையாள் "அய்யோ, அம்மணி..." என்றாள். கன்னிப்போன கால் எப்படி வந்தது என்று அத்தோடு எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவள் மறுபடி ஏறினாள். கண் தானாகச் சக்கரத்தைப் பார்த்தது.

"கீழ பாக்காத கண்ணு... அக்கட்ட பாரு... தறிச் சத்தத்தக் கேட்டு மிதி..."

சொன்னவர் தம்பிதுரை. சொன்னது அவருக்கே தெரியவில்லை. அந்தத் தெருவில் தறியே கிடையாது. ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி பக்கத்தில் வந்துகொண்டிருந்தார், முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த மாதிரியே. அவள் நிமிர்ந்து, தூரத்தில் தெரிந்த மருதமலையைப் பார்த்தாள். மிதித்தாள். தொட்டியிலிருந்து மாடிக் கதவுவரை, இதுவரை ஒரு நாளும் முழுதாகப் போகாத தூரத்தை, ஒரு கையையும் பிடிக்காமல் போய் முடித்து இறங்கினாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் கையைப் பிடித்தாள்.

"நாந்தானே கண்ணு உன்ற கால முதல்ல காயம் பண்ணுனது" என்று அவர் குழந்தை மாதிரி அழுதார். "அப்பன் சொன்னாருன்னு அந்தச் சைக்கிளக் கொண்டுபோய்ப் போட்டதும் நாந்தான். எப்படி மறந்துபோட்டேன்..." அப்புறம் மைத்துனர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "மாப்ள, மன்னிச்சிருங்க. ஆனா ஏனுங்க தப்ப உங்க தலையில போட்டுட்டீங்க?"

"தப்பு எம்மேலதானுங்களே" என்றார் திருமலைசாமி. "ஆசையாச் சொன்னவளச் சிரிச்சு அமுக்குனது நாந்தானுங்க. தை மாசம், பட்டறைக்கு வேண்டிய சாவிய மறந்துட்டு வந்தேன். ஊட்டுல ஆளக் காணோம். மாடிக்கு வந்தா, இவ இந்தக் கம்பியப் புடிச்சுட்டுச் சிரிச்சுட்டிருக்கறா. அந்தச் சிரிப்ப நான் பாத்து நெம்ப வருசமாச்சு. கூப்புட்டா நிறுத்திப்போடுவாளேன்னு சத்தமில்லாம எறங்கிட்டேனுங்க."

சண்முகப்ரியா கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு... தெரியுமுங்களா?"

"இந்த வெயில்ல டயரு ஒரு வாரம் தாங்குமா பிரியா? தையில இருந்து ஒரு நாளாவது காத்து எறங்குச்சா? ஆரு அடிச்சான்னு நெனச்சுப் பாத்தியா?"

அவள் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது. மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. துணிக் கம்பி தளராமல் இருந்ததும், மாடியில் மணல் இல்லாமல் இருந்ததும், பெடலின் கூர்முனைகள் எப்போதோ அரத்தால் ராவப்பட்டு மழுங்கியிருந்ததும் இப்போதுதான் கண்ணில் பட்டன. இத்தனை நாளும் இந்த மனுஷன் வாய் திறக்காதவர், மனசில் ஒன்றும் இல்லாதவர் என்று நினைத்து வாழ்ந்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை பொங்கியது. அண்ணன் நிற்பதையும் நங்கையாள் பார்ப்பதையும் மறந்து, கணவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

தம்பிதுரை தொண்டையைச் செருமினார். "அம்மணி... தண்ணி குடு. காபியுங் குடு. வெடிய வெறும் வயித்தோட வந்தது."

வீட்டுக்கு வந்த பையை வெறுமனே திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. அந்தச் சூட்கேஸ் நிறையத் தேங்காயும் முறுக்கும் மாங்காயும் போட்டுத்தான் அனுப்பினாள். காரில் ஏறும்போது நங்கையாள் அவள் காதைக் கடித்தாள்: "ஏன் அம்மணி, இந்த வயசுல எனக்கு அது வருமா?"

மறுநாள் காலையில் திருமலைசாமி பட்டறைக்குப் போகவில்லை. பம்பை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"காத்த இனி நானே அடிச்சுக்குவேனுங்க. நீங்க கையக் குடுங்க" என்றாள்.

அவர் கையை நீட்டினார்.