இரண்டு டம்ளருக்கு மேல்

தேக்கா சந்தையில் வாங்கிய எலுமிச்சையும் காய்ந்த மிளகாயும் பையில் இருக்க, கமலம் கிளமெண்டியில் உள்ள தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். மகன் இளமாறன் டயாலிசிஸ் முடிந்து வந்து சோபாவில் கண்மூடிக் கிடந்தான். முப்பத்தோரு வயது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருடமாகிறது.

“எழுந்து கிழக்கே பார்த்து உக்காருப்பா.”

“மறுபடியுமா? எனக்கு கிட்னி ஃபெயிலியர்மா. யாரும் கண்ணு வைக்கல லா.”

ஆனாலும் உட்கார்ந்தான். அம்மாவுக்குச் செய்ய வேறு என்ன இருக்கிறது என்ற இரக்கம் அவனுக்கு. கமலம் எலுமிச்சையையும் உப்பையும் மிளகாயையும் கைக்குள் அடக்கி அவனை மூன்று முறை சுற்றினாள். பிள்ளையைப் பிடித்ததெல்லாம் இதோடு போகட்டும் என்று முணுமுணுத்தாள்.

முறைப்படி அதை முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். இந்த ஊர் முச்சந்தியில் போட்டால் அபராதம்தான் வந்து சேரும். அதனால் வாரா வாரம் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டுவிடுவாள். பழைய அடுக்குமாடி பிளாக். சுவரில் உள்ள இரும்பு மூடியைத் திறந்து தள்ளினால், ஒன்பதாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை தடதடவென்று விழும்.

அன்று விழுந்த சத்தம் கேட்கவில்லை.

குனிந்து காது கொடுத்தாள். மீன் செதில், அழுகிய பழ நாற்றத்துக்கு நடுவே ஒரு மருந்து வாடை. டயாலிசிஸ் முடிந்து வரும் மகனின் சட்டையில் அடிக்கும் அதே வாடை.

“அம்மா, தண்ணி.”

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் இளமாறன் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு நாளைக்கு அவனுக்கு இரண்டு டம்ளர்தான். அதற்கு மேல் போனால் வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். ஐஸ்கட்டியை நாக்கில் வைத்தே பொழுதை ஓட்டுவான். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை. அவன் எதிரில் குடிக்க மனம் வராமல் கமலம் குளியலறையில் ஒளிந்துதான் தண்ணீர் குடிப்பாள்.

“தொண்டை எரியுதும்மா. கொஞ்சமே கொஞ்சம்.”

பயத்தில் மூடியைச் சாத்தப் போனாள். ஆனால் குழாய்க்குள்ளிருந்து வந்தது அவள் பெற்ற பிள்ளையின் குரல். டம்ளர் நிறையப் பிடித்து உள்ளே ஊற்றினாள். தண்ணீர் வழிந்து இறங்கும் சத்தம் இல்லை.

மடக் மடக்கென்று யாரோ விழுங்கினார்கள்.

அடுத்த இரண்டு நாளும் கேட்டபோதெல்லாம் ஊற்றினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை வயிறாரக் குடிப்பதைக் கேட்பது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை இளமாறன் டயாலிசிஸ் சென்டரிலிருந்து போன் செய்தான். மூச்சு வாங்கியது.

“அம்மா, வெயிட் நாலு கிலோ ஏறியிருக்கு. நர்ஸ் திட்டுறாங்க. சத்தியமா நான் எக்ஸ்ட்ரா ஒரு சொட்டு குடிக்கல.”

கமலத்தின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாரா வாரம் சுற்றிப் போட்டதில், அவன் வாய் திறந்து சொல்லாத தாகமும் சேர்ந்து போயிருக்கிறது. அது குடிப்பதெல்லாம் அவன் உடம்பில் ஏறுகிறது.

மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் உங்க பிள்ளை இல்லையா?”

உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டும் சத்தம் அவள் முதுகில் தெரிந்தது.

“பிள்ளைதான்பா,” என்றாள் அழுதுகொண்டே. “ஆனா அம்மா தர மாட்டேன்.”

சுரண்டல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் போனது.

புதன்கிழமை எடை சரியாக இருந்தது. அன்று மாலை இளமாறன் ஒரு டம்ளரை நிரப்பி அவள் முன்னால் வைத்தான்.

“ஒளிஞ்சு குடிக்காதீங்கம்மா. எனக்குத் தெரியும். என் முன்னாலயே குடிங்க.”

அவன் பார்த்துக்கொண்டிருக்க, கமலம் குடித்தாள். அன்றுதான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் தேக்காவிலிருந்து காய்கறி மட்டும் வாங்கி வந்தாள். லிஃப்டில் ஆறாவது மாடி நஸீஹா உடன் ஏறினாள். கமலத்தின் வீட்டுக்கு நேர் கீழே மூன்று மாடி தள்ளி இருப்பவள். கண்கள் சிவந்திருந்தன.

“ஆன்ட்டி, உங்க மகன் பாவம்,” என்றாள் தாழ்ந்த குரலில். “எங்க கிச்சன் குப்பைக் குழாயில அவர் குரல் கேக்குது. தண்ணி, தண்ணின்னு.”

கமலம் அவள் பக்கம் திரும்பினாள். “நீ என்னம்மா பண்ணே?”

“என் கை தானா போயிடுச்சு ஆன்ட்டி. ரெண்டு நாளா ஊத்துறேன். கீழ் வீட்டுலயும் ஊத்துறாங்களாம்.”

ஆறாவது மாடியில் அவள் இறங்கிக்கொண்டாள். மேலே இருந்த மூன்று மாடியும் கமலத்துக்கு முடியவே இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. டயாலிசிஸுக்குக் கிளம்பிய இளமாறன் வாசலில் உட்கார்ந்து, செருப்பைக் காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் வீங்கிப் பளபளத்தது. முகத்தில் கண் இருக்கும் இடமே தெரியவில்லை.

“அம்மா,” மூச்சுக்கு நடுவே சொன்னான், “கால் நுழையலம்மா.”

சமையலறையில் கயிறு கட்டிய மூடி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால், கீழே ஏதோ ஒரு மாடியில், இரும்பு மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்கும் கீழே, இன்னொன்று.