உள்ளே வந்த பாதம்

கணப்புச் சாம்பலில் ஒரு பாதம் பதிந்திருந்தது. உள்ளே வந்திருந்ததே தவிர, வெளியே போகவில்லை.

வின்னிக்கு முதலில் சந்தோஷம்தான். பிப்ரவரி முதல் தேதி, வசந்தத்தின் தேவி பிரிஜிட் வரும் நாள். விடியும்போது சாம்பலில் பாதம் தெரிந்தால் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். முந்தின மாலை வைக்கோல் பொம்மை செய்து, மணிக்கட்டில் வெள்ளை ரிப்பன் கட்டி, கூடையில் படுக்கவைத்து, வாசலில் நின்று மூன்று முறை அவளைக் கூப்பிடுவார்கள். போன வருஷத்துப் பொம்மை நெருப்புக்குப் போகும். அந்த யார்க்‌ஷயர் ஊரின் சூனியக்காரிகளுக்குப் பதினோரு வருஷமாகப் பொம்மை செய்தவள் வின்னி. இந்த வருஷம் தலைவி மார்ஜரி அந்த வேலையை, வந்து எட்டே மாதமான டாம்சினுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வின்னி கேக்கைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். கேக்காம் கேக்!

நேற்று மாலை டாம்சின் பால் வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் செய்த பொம்மையை வின்னி கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். தன் கூடையில் அதைப் படுக்கவைத்து, தன் வாசலில் மூன்று முறை பிரிஜிட்டைக் கூப்பிட்டாள். வழக்கத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

"இங்கேயே இருந்துடு. அவகிட்ட போகாதே."

இப்போது விடிந்து, ஜன்னலில் பனி வெளுத்திருக்க, அறுத்த வயலின் ஈர வாசனை தனியாள் குடியிருக்கும் அந்த வீடு முழுக்க நிறைந்திருக்க, சாம்பல் தடம் ஒவ்வொன்றாகக் கூடைவரை போனதை அவள் குனிந்து பார்த்தாள். கூடை காலி.

படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது.

ஓட நினைத்தாள். முழங்கால் மடங்கவில்லை. விரல்கள் வைக்கோலாய்ச் சரசரத்தன. மணிக்கட்டில் வெள்ளை ரிப்பன். யார் கட்டியது? உத்தரம் உயரே, உயரே போனது. சுற்றிலும் கூடையின் விளிம்பு.

கதவு தட்டப்பட்டது.

"திறந்துதான் இருக்கு, வாங்க" என்றது படுக்கையறையிலிருந்து வின்னியின் குரல்.

மார்ஜரியும் டாம்சினும் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். தன் பொம்மையைக் காணோம் என்று டாம்சின் அழுதிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல நீ செஞ்சதுலயே இதுதான்டி அழகு, வின்னி" என்றாள் மார்ஜரி. பதினோரு வருஷமாக வின்னி கேட்கத் தவித்த வார்த்தை.

"கண்ணுகூட ஈரமா இருக்கே" என்று டாம்சின் தொட்டுப் பார்த்தாள். "இதை எனக்குத் தர்றீங்களாக்கா? என் கணப்பு மேலயே வெச்சுக்கறேன். அடுத்த வருஷம் நானே என் கையால நெருப்புல போடுறேன்."

"எடுத்துக்கோ" என்றது அந்தக் குரல்.

டாம்சினின் தோளுக்கு மேலாக வின்னி பார்த்தாள். படுக்கையறை வாசலில், வின்னியின் முகத்தோடு, வின்னியின் இரவு உடையில், கூப்பிட்டதும் வந்தவள் கையசைத்துக்கொண்டு நின்றாள். வெறும் பாதங்களில் சாம்பல்.