சத்தம் போடாத பார்சல்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

பெரிய மேஜைக்குப் பின்னால் மானேஜர். அவருக்கு வலப்பக்கம், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அவருடைய மச்சினன், ஸ்டோர் கீப்பர். கதவருகே, பாதி உடம்பு வராந்தாவில் இருக்கும்படி நாற்காலி போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர். ஜன்னலோரம் டைப்ரைட்டர் முன்னால் குமாஸ்தா.

மேஜை நடுவில் அந்தப் பார்சல்!

பழுப்புக் காகிதம். சணல் கயிறு. டிபன் பாக்ஸ் அளவு.

"கேக்குதா இன்ஸ்பெக்டர்?" மானேஜர் கிசுகிசுத்தார்.

"ஒண்ணும் கேக்கலையே..."

"அதான் சார் ஆபத்தே!"

அது கடிகாரத் தொழிற்சாலை. அங்கே அலாரம் கடிகாரங்களைச் சாவி கொடுத்து, ஓடவிட்டுத்தான் பெட்டியில் அடைப்பார்கள். பெட்டியில் காதை வைத்து, டிக் டிக் கேட்ட பிறகே லாரியில் ஏற்றுவார்கள். ஆனால் ஏழு மாதம் முன்பு வரை, பெரிய யுத்தம் நடந்தபோது, அதே தொழிற்சாலை வெடிகுண்டுக்கு டைமர் செய்துகொண்டிருந்தது. அவை மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டு, சத்தமே இல்லாமல் போகும்.

டிக் டிக் என்றால் அலாரம்.

சத்தமே இல்லை என்றால்...

மச்சினன் சுவரோடு இன்னும் ஒண்டிக்கொண்டான். "அத்தான்... பேப்பர்ல போட்டிருந்தானே! சிவப்பு ஆசாமிங்க தபால்லயே குண்டு அனுப்புறாங்களாம்!"

"சார், அந்தப் பார்சல் வந்து..." என்று ஆரம்பித்தார் குமாஸ்தா.

"கேட்டா மட்டும் பேசுய்யா!"

குமாஸ்தா டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டுக்கு வெளியே ஸ்டிரைக் பண்றாங்களே, எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அக்கிரமம் சார்! வேலை செய்யற ஹால்ல கடிகாரம் மாட்டணுமாம்!"

"கடிகாரக் கம்பெனில கடிகாரமே இல்லையா?"

"எதுக்கு சார்? நான்தான் என் வாட்ச் பார்த்துச் சங்கு ஊதச் சொல்றேனே! சாயங்காலம் மட்டும் அது இருபது நிமிஷம் மெதுவா ஓடும். அது என் வாட்சோட குணம். இவனுங்க என்னடான்னா, நேரம் எல்லாருக்கும் பொதுங்கிறானுங்க!"

"பொதுவா?" இன்ஸ்பெக்டர் முகம் வெளுத்தது. "அப்ப தீவிரவாதிங்கதான்! தலைவன் யாரு?"

"ஃபிட்டர். இதோ உட்கார்ந்திருக்கானே குமாஸ்தா, இவனோட அக்கா புருஷன்!"

குமாஸ்தா நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். அக்காவுக்கு இது நிறைமாதம். தீவிரவாதிகளுக்கான புதுச் சட்டத்தில் ஃபிட்டரைப் பிடித்தால் விசாரணை கிடையாது. நேராக இரண்டு வருஷம் உள்ளே!

"சார், காலைல அந்தப் பார்சலை நான்..."

"வாயை மூடு! புகாரை டைப் அடி!"

"எழுத்து மூலமா வந்தாத்தான் நான் தொடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர், நாற்காலியை இன்னும் ஓர் அடி வெளியே இழுத்துக்கொண்டு.

குமாஸ்தா காகிதத்தைச் செருகினார். அடியில் கார்பன். அதற்கும் அடியில் இன்னொரு காகிதம். ஒன்பது வருஷமாக நகல் இல்லாமல் அவர் ஒரு கடிதமும் அடித்ததில்லை.

"ஃபிட்டர்தான் அனுப்பினான்னு போடு!"

"அனுப்பினவங்க விலாசம் பார்த்துட்டுப் போடலாமே சார்... பார்சலுக்கு அடியிலே இருக்கு."

"புரட்டச் சொல்றியா? நாங்க சாகணுமா? மூடுய்யா!"

மூன்றாவது தடவை!

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு மாறுதல். நிதானமாகச் சொன்னார்.

"யார்னு தெரியாம பேர் போட்டா கோர்ட்ல நிக்காது சார். 'இந்தப் பார்சலை அனுப்பியவர் யாராக இருந்தாலும்'னு போட்டுடட்டுமா?"

"சபாஷ்!" என்றார் இன்ஸ்பெக்டர். "அனுப்பினவரு நாட்டுக்கே விரோதி, அபாயகரமான தீவிரவாதி, இன்னிக்கே கைது பண்றேன்னு சேர்த்துக்கோ. நானே கையெழுத்துப் போடுறேன்!"

போட்டார். அழுத்தமாக. கார்பனிலும் விழுந்தது.

அடுத்து தீயணைப்பு வாளி வந்தது. தளும்பத் தளும்பத் தண்ணீர்!

ஜன்னல் திறக்கும் நீளக் கம்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் பார்சலை ஒரு தள்ளு தள்ளினார்.

தொபுக்!

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

டிர்ர்ர்ர்ர்ர்ர்ங்ங்!

"ஐயோ அம்மா!"

மானேஜர் மேஜைக்கு அடியில். அங்கே ஏற்கெனவே மச்சினன். இன்ஸ்பெக்டர் வராந்தாவைத் தாண்டித் தோட்டத்தில்!

வாளியில் குமிழி குமிழியாக வந்து, சத்தம் அடங்கியது.

குமாஸ்தா எழுந்து போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளிக்குள் கையை விட்டார். வெளியே வந்தது, விழுந்த அதிர்ச்சியில் மணியடித்து ஓய்ந்த ஓர் அலாரம் கடிகாரம். அந்தக் கம்பெனி தயாரிப்பு! கூடவே சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கடிதம். பென்சிலில் எழுதியதால் அழியவில்லை.

எல்லோரும் அசடு வழியத் திரும்பி வந்ததும் உரக்கப் படித்தார்.

"'ஐயா, என் அப்பா ஆசையாக வாங்கித் தந்த உங்கள் கடிகாரம் நாலாம் நாளே நின்றுவிட்டது. அதைச் சாக்காக வைத்து என் கணவர் சீட்டாடிவிட்டுப் பத்து மணிக்கு வந்து, மணி ஏழுதான் என்று சாதிக்கிறார். உடனே சரிசெய்து அனுப்பவும். இப்படிக்கு, இன்ஸ்பெக்டர் மனைவி, போலீஸ் குடியிருப்பு.'"



இன்ஸ்பெக்டர் புகாரைப் பிடுங்கினார். கிழித்தார். கையெழுத்து இருந்த பாதியை வாயில் போட்டு மென்றே விட்டார்!

"குளிப்பாட்டிட்டேனே... மாமனார் வாங்கித் தந்ததாச்சே! யாருய்யா இதைச் சரி பண்ணுவா?"

"தண்ணி புகுந்ததைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான் சார். கேட்டுக்கு வெளியே கொடி பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

"கூப்பிடு!"

"ஹால்ல கடிகாரம் மாட்டாம உள்ளே கால் வைக்க மாட்டார் சார்."

இன்ஸ்பெக்டர் மானேஜர் பக்கம் திரும்பினார். "மாட்டுய்யா!"

"சார், அது தீவிரவாதம்..."

"என் வீட்டுக்காரியை நீ பார்த்ததில்லை! மாட்டுய்யா!"

அரைமணி நேரத்தில் ஹாலில் கடிகாரம் ஏறியது. ஃபிட்டர் கொடியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே வந்தார்.

மானேஜர் குமாஸ்தாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "உனக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமாய்யா?"

"உள்வரவு எண் 212 சார். காலைலேயே பதிஞ்சு, நான்தான் உங்க மேஜையில வச்சேன். மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் மூடச் சொன்னீங்க."

குமாஸ்தா புதிதாக ஒரு கடிதம் அடித்தார். 'அம்மணி, தங்கள் கடிகாரம் எங்கள் தலைசிறந்த ஃபிட்டரின் கையில் உள்ளது. ஒரு வாரத்தில் வந்து சேரும்.' வாளியைப் பற்றி ஒரு வரி இல்லை. உறையில் போட்டு, பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டி, வாசலில் நின்ற தபால்காரர் பையில் சேர்த்தார்.

தபால்காரரின் சைக்கிள் மறைந்ததும் இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வந்தது. உடனே நின்றது.

"ஆமா... அந்தப் புகாருக்கு அடியிலே கார்பன் வச்சியே... அந்த நகல்?"

"பீரோவில பத்திரமா இருக்கு சார். எங்க அக்கா புருஷன் மேல யாரும் கை வைக்காத வரைக்கும் வெளியே வராது."

"சத்தம் போடாம இருக்கும்ல?"

"இருக்கும் சார்." குமாஸ்தா பணிவாகச் சொன்னார். "நம்ம கம்பெனியில சத்தம் போடாததுதானே வெடிக்கும்!"