துணியில் இருந்த வெந்தய வாசனை

இன்ஸாஃப் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு உயிர்வேதியியல் துறைக்குள் வந்தபோது ஷவ்கி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். வளர்சிதை மாற்ற நோய்கள் பாடத்தில் பாதிப் பேர் கோட்டை விட்டிருந்தார்கள். அந்தக் கடுப்பில், "புகார் கொடுக்கிற இடம் கீழ் மாடிம்மா" என்று வாசலைக் காட்டினான். முப்பது வயது ஆய்வு மாணவன். எதையும் பாதி கேட்டதுமே பதில் சொல்லிவிடுகிற ஆள்.

"கொடுக்க வரல தம்பி. புகாரே என்மேலதான். என் தம்பி குழந்தைக்கு நான் விஷம் வெச்சுட்டேனாம்."

ஜன்னலோரம் இருந்த பேராசிரியர் மஹாஸின் பேனாவை மூடினார். சத்தம் போட்டுப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை. "உக்காருங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க."

போன வருஷக் குளிர்காலத்தில் நடந்த கதை அது. இன்ஸாஃப் பிள்ளையில்லாத விதவை. தம்பி ஹர்பியின் வீட்டோடு இருந்தாள். ஹர்பி தாய்மாமன் மகள் ரஸ்மியாவைக் கட்டியிருந்தான். முதல் குழந்தை ஆண். பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமே என்று இன்ஸாஃப் தினமும் காலையில் வெந்தயம் கொதிக்க வைத்து, விதையோடு ஒரு பெரிய கிளாஸ் நிறையக் கொண்டுபோய் வைத்தாள். மின்யா ஊரில் எந்த வீட்டிலும் செய்வதுதான்.

"மூணு நாள் நல்லாக் குடிச்சான். நாலாம் நாள் மார்பையே தொடல. அஞ்சாம் நாள் அவன் மேல வெந்தய வாசனை, பாகு காய்ச்சின மாதிரி. அப்புறம் முதுகு வில்லா வளைஞ்சுது. காலு ரெண்டும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆடும். ஒன்பதாம் நாள் போயிட்டான்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"எல்லாரும்தான் போனோம். சின்ன டாக்டர் மோந்து பாத்தார். தாய் வெந்தயம் குடிக்கிறாங்களான்னு கேட்டார். தினமும் நான்தான் கொடுக்கறேன்னு பெருமையாச் சொன்னேன். அப்ப அந்த வாசனைதான், பயப்படாதீங்கன்னு ஏதோ சொட்டு மருந்து எழுதினார்."

"ரஸ்மியா என்ன சொன்னாங்க?"

"அவ எங்க பேசினா? குழந்தையை மடியில வெச்சுக்கிட்டுக் குனிஞ்சே இருந்தா."

நாற்பதாம் நாள் ஹர்பி இன்ஸாஃபை வீட்டை விட்டுத் துரத்தினான். பிள்ளையில்லாதவள் பொறாமையில் கஷாயத்தில் எதையோ கலந்துவிட்டாள் என்பது அவன் முடிவு. குழந்தையைச் சுற்றியிருந்த துணி, ரஸ்மியா அந்த வாரம் உடுத்தியிருந்த அங்கி, இரண்டையும் யாரும் துவைக்கத் துணியவில்லை. இனி அவை வீட்டில் இருந்தால் ஆகாது என்று அவற்றையும் அவள் பின்னாலேயே தெருவில் வீசினான். அவள் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தாள்.

"இப்ப ரஸ்மியாவுக்கு ஏழு மாசம். இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா என்னை வெட்டிப் போடுவேன்னு ஆள் விட்டுச் சொல்லியிருக்கான். செய்வான் டாக்டரம்மா. அவனை வளர்த்ததே நான்."

மஹாஸின் முதல் முடிச்சை அவிழ்த்தார். ஒரு வருஷமாகியும் வாசனை அறையை நிறைத்தது. "வெந்தயமேதான்," என்றான் ஷவ்கி. "இதே வாசனையோட ஒரு நோய் இருக்கு. ஆனா தாய் வெந்தயம் குடிச்சிருந்தா ஏமாந்துடாதீங்கன்னு நீங்கதானே பாடம் எடுக்கறீங்க?"

"இதையும் மோந்து பாரு." ரஸ்மியாவின் அங்கியை நீட்டினார்.

"புளிச்ச பால், வேர்வை. வேற ஒண்ணும் இல்லையே."

மஹாஸின் இன்ஸாஃபின் பக்கம் திரும்பினார். "அவங்க குடிக்கிறதைப் பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"எங்க நேரம்? வெச்சுட்டு வாத்துங்களைத் துரத்தப் போயிடுவேன். அந்த வாரம் பூரா அந்தச் சனியனுங்க அவ ஜன்னலுக்குக் கீழயே கெடந்துதுங்க."

"எத்தனை வாத்து?"

"ஏழு. என்னைத் துரத்தின அன்னிக்கும் ஏழும் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துதுங்க."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மூவரும் படகில் அக்கரையில் இருந்த ஹர்பியின் வீட்டுக்குப் போனார்கள். வழியில் ஷவ்கி நச்சரித்துப் பார்த்தான். அங்கே போய்ச் சொல்கிறேன் என்றார் மஹாஸின்.

ஹர்பி டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். விருந்தாளி என்பதால் பேராசிரியருக்குத் தேநீர் வந்தது. அக்காவை வாசற்படியிலேயே நிறுத்தினான். ரஸ்மியா வயிற்றின் மேல் கைகளைக் கோத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வாசனையில இருந்து ஆரம்பிக்கறேன்," என்றார் மஹாஸின். "தாய் தினமும் வெந்தயம் குடிச்சா அது முதல்ல அவங்க வேர்வையில தெரியும். ரஸ்மியாவோட அங்கியில துளி வாசனை இல்ல. குழந்தை துணியில மூக்கைத் துளைக்குது. அப்ப அது தாய்கிட்ட இருந்து வரல. குழந்தை உடம்புலயே உண்டாகியிருக்கு. அதுவும் முதல் நாள் இல்லாம, பால் குடிச்சு அஞ்சாம் நாள்."

"அப்ப கஷாயம்?" என்றான் ஹர்பி.

"வாத்து குடிச்சுது. ஜன்னலுக்கு வெளியே கொட்டின கஷாயத்துல இருந்த விதையைத் தின்னத்தான் ஏழும் அங்கயே காத்துக் கெடந்துதுங்க. அதுல விஷம் இருந்திருந்தா ஒரு வாத்தாவது செத்திருக்கணும். உங்க அக்கா ஒண்ணும் கலக்கல."

ஷவ்கிக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. தான் பாடமாகப் படித்ததைத் தன் பேராசிரியர் ஓர் அங்கியிலிருந்தும் வாத்துகளிடமிருந்தும் கண்டுபிடித்துவிட்டதில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை அரை நிமிடம்தான் நீடித்தது.

"பால்ல இருக்கிற புரதத்தை உடைக்க உடம்புல ஒரு நொதி வேணும்," என்று மஹாஸின் தொடர்ந்தார். "உங்க குழந்தைக்கு அது பிறக்கும்போதே இல்ல. குடிச்ச தாய்ப்பாலே உள்ள நஞ்சாச்சு. அந்த நஞ்சுக்கும் இதே வாசனை. அந்தச் சின்ன டாக்டர் என் மாணவன். வெந்தயம் குடிக்கிறாங்களான்னு கேளுன்னு சொல்லிக்கொடுத்தது நான்தான். அவன் சரியாத்தான் கேட்டான். அவனுக்கு உண்மையான பதில் கிடைக்கல."

ஹர்பி மெல்லத் திரும்பினான். "நீ குடிக்கலையா?"

ரஸ்மியா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வாசனையே குமட்டுச்சு. அதோட... பிள்ளையில்லாத கையால கொடுத்ததைக் குடிக்க பயமா இருந்துச்சு. அங்க டாக்டர் முன்னால சொன்னா நீங்க அடிப்பீங்கன்னு..."

"நான் அடிப்பேன்னு என் பிள்ளையைக் கொன்னியா?" அவள் கையைப் பிடித்து இழுத்தான். "கிளம்பு. காரிஜாவுல உன் அப்பன் வீடு இருக்குல்ல, அங்க போய்ப் பெத்துக்க."

"ஹர்பி, இந்தக் குழந்தைக்கும் அந்த நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு," என்றார் மஹாஸின். "உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருக்கு. பிறந்த ரெண்டாம் நாளே பாக்கணும். பாலைவனம் தாண்டி அனுப்பிட்டா யார் பாப்பாங்க?"

"என் ரத்தத்துல ஒண்ணுமில்ல," என்றான் அவன். கையை விடவில்லை.

வாசற்படியிலிருந்து இன்ஸாஃப் பேசினாள். "விடுடா அவளை. அவ குடிச்சா. நான் பாத்தேன். கலந்தது நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"வாத்தைக் கொல்லாது, மார்ல இருக்கிற பிள்ளையைக் கொல்லும். அப்படி ஒரு மருந்து. ஏன்னு கேக்கறியா? எனக்கு இல்லையே." குரலில் நடுக்கமே இல்லை. "அது இன்னும் அவ உடம்புல இருக்கும். பிறந்த ரெண்டாம் நாள் இந்த டாக்டரம்மாகிட்ட குழந்தையைக் காட்டு. இவங்களாலதான் கண்டுபிடிக்க முடியும்."

ஷவ்கி வாயைத் திறந்தான். மஹாஸின் அவன் முழங்கையை அழுத்தினார். ரஸ்மியா தரையைப் பார்த்தாள். ஹர்பியின் பிடி தளர்ந்தது. அவன் முகத்தில் நிம்மதி பரவியதை ஷவ்கி பார்த்தான். ஒரு வருஷமாக நம்பியதையே மறுபடி நம்புவதில்தான் அந்த மனிதனுக்கு எத்தனை சுகம்.

"ரெண்டாம் நாள் கொண்டு வரேன் டாக்டர்," என்றான். அக்காவைப் பார்த்து, "இந்தக் குழந்தை பிழைச்சா நீயும் பிழைச்ச," என்றான்.

திரும்பும் படகில் ஷவ்கியால் அடக்க முடியவில்லை. "நோய் இருந்தா?"

"அதுக்கான பால் மாவு வெளிநாட்டுல இருந்து வரணும்," என்றார் மஹாஸின். "போன தடவை வேற ஒரு குழந்தைக்கு எழுதிப் போட்டேன். ஆறு வாரம் கழிச்சு வந்துது. அந்தக் குழந்தை மூணாம் வாரமே போயிடுச்சு. இப்பவே எழுதறேன். வேற என்ன செய்ய?"

இன்ஸாஃப் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் பாத்ததும் உங்களுக்கு உடனே தெரிஞ்சுடுமா?"

"ரெண்டு மூணு நாள் ஆகும். தெரிஞ்சதும் உங்களுக்கு ஆள் அனுப்பறேன்."

"நல்லதுன்னா மட்டும் அனுப்புங்க டாக்டரம்மா," என்றாள். "கெட்டதுன்னா என் தம்பியே வருவான்."