நாகபூசணியின் எட்டுச்செலவு

குளியலறையிலிருந்து துறைமுக நாற்றம் வந்தது. டீசலும் அழுகிய பாசியும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்த அந்த வாடை, கதவிடுக்கு வழியாக நாகபூசணி ஒளிந்திருந்த பின்னறைக்குள் ஊர்ந்து, படுக்கை விரிப்பிலும் அவள் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டது. பலேர்மோத் துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோவில் இது மூன்றாம் மாடி. கடல் இங்கே ஏறி வராது.

முன்னறையில் அவளுடைய எட்டுச்செலவு நடந்துகொண்டிருந்தது. செத்தவருக்குப் பிடித்ததை எட்டாம் நாள் சமைத்துப் படைக்க வேண்டுமே! அந்த நண்டுக் குழம்பை விடியற்காலையில் அவளே வைத்திருந்தாள். துக்கத்துக்கு வந்த கோபாலசிங்கம் அண்ணை நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. புருசன் பேரின்பநாயகம் மூக்கைச் சீறிச் சீறி அழுத அழுகை அதையும் மீறிக் கேட்டது.

எல்லாம் அவன் போட்ட திட்டம். அவள் பெயரில் ஆயுள் காப்புறுதி எடுத்தான். நேப்பிள்ஸ் போகும் இரவுக் கப்பலில் இருவருமாக ஏறினார்கள். புறப்படுமுன் சாமான் ஏற்றியவர்களோடு அவள் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். விடிந்ததும், மனைவி கடலில் விழுந்துவிட்டாள் என்று அவன் கப்பலில் கதறினான். பணம் வந்ததும் லண்டன் என்றான். சீ, அவளும்தானே தலையாட்டினாள்.

நேற்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்.

"உடல் கிடைச்சால்தான் காசு தருவினமாம்."

அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாய் பழுது என்று குளியலறையைச் சாத்திவிட்டு, அவளுக்கு ஒரு வாளியைத் தந்தான். இரவு முழுக்கப் படியேறும் காலடிகள், கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். பலேர்மோவில் கோடையில் குழாய் வறண்டுபோவது வழக்கம்தான். சேமித்து வைக்கிறான் என்று நினைத்துத் தூங்கிவிட்டாள்.

கடைசி ஆளும் போனார். வாசல் பூட்டு விழுந்தது.

அவள் குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

தொட்டி விளிம்புவரை கறுத்த தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம். வெள்ளை வயிறு தெரிய ஒரு மீன்குஞ்சு. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

கத்தினால் ஓடிவர ஐந்து நிமிடம் முன்வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

பின்கழுத்தில் மூச்சு. நண்டு மணம்.

"இஞ்சரும்," என்றான் மெதுவாக. "கப்பலிலை போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாரும்."

அந்த நீலச் சட்டை அவன் கையிலேயே இருந்தது. இஸ்திரி போட்டிருந்தான். காலரில், அவன் விரல் பட்ட இடத்தில், குழம்பின் மஞ்சள்.